முதல் முப்பது நொடி

மார்கழி விடியலில் புளியங்குடியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. வெயில் ஏறும் திண்ணையில் கொண்டுபோய் வைப்போம், இல்லையென்றால் வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில். அதே அலமாரியில் நிற்கும் நல்லெண்ணெய் எப்போதும்போல ஒழுகும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே கட்டியாகத் தொடங்கிவிடும். மலையடிவாரத்து ஊர்க்காரர்களான எங்களுக்கு அந்தக் குளிர் வருவதொன்றும் அதிசயமில்லை.

போன தை மாதம் கனடாவிலிருந்து அண்ணன் மகன் ஒரு படம் அனுப்பினான். டொராண்டோ பக்கத்தில் ஒரு சின்ன விமானத் தளத்தில் அவன் விமானம் ஓட்டப் பழகுகிறான். படத்தில் நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172. அதன் மூக்கைச் சுற்றித் தடித்த போர்வை, போர்வைக்குள்ளிருந்து தொங்கும் மின்சார வயர்.

“என்னடே, விமானத்துக்குக் காய்ச்சலா?” என்று கேட்டேன்.

“இல்ல சித்தப்பா, எண்ணெ கெட்டிப்பட்டுரக் கூடாதுன்னு ராத்திரி பூரா ஹீட்டர் போட்டிருக்கு. வெளிய மைனஸ் இருபது” என்றான்.

அவன் சொன்னதைப் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். தேங்காய் எண்ணெய் உறைந்தால் தலைவாரத் தாமதமாகும், அவ்வளவுதான். விமானத்தில் எண்ணெய் கெட்டிப்பட்டால் என்ன ஆகும்?

என்ஜின் எண்ணெய் தேங்காய் எண்ணெயைப்போல ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் உறைவதில்லை. அதன் குணம் கருப்பட்டிப் பாகின் குணம். அடுப்பில் கொதிக்கும்போது கரண்டியிலிருந்து நீராக ஓடும் பாகு, ஆற ஆறக் கெட்டிப்பட்டுக் கடைசியில் கரண்டியையே பிடித்துக்கொள்ளும். சிறு விமானங்களில் அதிகம் புழங்கும் 50 கிரேடு எண்ணெய், 100 டிகிரி சூட்டில் சாதாரணத் தண்ணீரைவிடச் சுமார் இருபது மடங்கு பாகுத்தன்மை கொண்டது. 40 டிகிரியில் அது ஏறத்தாழ இருநூறு மடங்கு. பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கினால் கணக்கு ஆயிரங்களில் போகும். இன்னும் குளிர்ந்தால் எண்ணெயில் கரைந்திருக்கும் மெழுகு துகள்துகளாகத் திரண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, ஓட்டமே நின்றுவிடும்.

இரவு முழுவதும் நின்ற விமானத்தில் எண்ணெய் எல்லாம் அடியில் உள்ள தொட்டிக்கு வடிந்திருக்கும். பேரிங்குகளிலும் சிலிண்டர் சுவரிலும் மிச்சமிருப்பது மெல்லிய படலம் மட்டுமே. என்ஜின் சுழன்றதும் பம்ப் அந்தக் கெட்டி எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்ப வேண்டும். அது போய்ச் சேரும்வரை உலோகத்தோடு உலோகம் உரசும். போதாக்குறைக்கு இன்னொரு சிக்கல். என்ஜினின் வெளிக்கூடு அலுமினியம், உள்ளே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் எஃகு. குளிரில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். ஆகவே எண்ணெய் கெட்டியாகிற அதே நேரத்தில், அது நுழைய வேண்டிய இடுக்கும் குறுகிவிடுகிறது. மணிக்கணக்கில் பறந்து தேய்வதைவிட, குளிரில் செய்யும் ஒரே ஒரு மோசமான ஸ்டார்ட் என்ஜினை அதிகம் தேய்த்துவிடலாம்.

செஸ்னா 172-இன் கையேடு இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. கோடையில் ஸ்டார்ட் செய்து 30 நொடிக்குள் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழ வேண்டும். கடுங்குளிரில் அதைப்போல இரு மடங்கு நேரம் தரலாம். அதற்குள்ளும் எழவில்லையென்றால் என்ஜினை உடனே நிறுத்திவிட வேண்டும். முள் எழுந்துவிட்டது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. கெட்டி எண்ணெயைத் தள்ளும்போது பம்ப் பக்கத்தில் அழுத்தம் அதிகமாகத்தான் இருக்கும், கடைசி பேரிங்குக்கு எண்ணெய் போயிருக்காது. அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. அண்ணன் மகனுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்தார்களாம்.

அப்படியானால் காருக்கு ஊற்றுவதுபோல நீர்த்த எண்ணெயை ஊற்றிவிட்டால் என்ன? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த என்ஜின் காற்றால் குளிர்வது. ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. சிலிண்டர் தலை 200 டிகிரிக்கும் மேல் சூடேறலாம். அந்தச் சூட்டில் விரிவதற்காகவே பாகங்களுக்கு இடையே தாராளமாக இடைவெளி விட்டிருக்கிறார்கள். நீர்த்த எண்ணெய் அங்கே நிற்காது. மேலும் கார் எண்ணெயில் உலோகச் சேர்மங்கள் கலந்திருக்கும். அவை எரிந்து விடும் சாம்பல் சிலிண்டருக்குள் படிந்து, கங்காகக் கனன்று, நேரம் தவறி எரிபொருளைப் பற்றவைக்கும். அதனால்தான் விமான எண்ணெயைச் சாம்பல் தராத வகையாகத் தயாரிக்கிறார்கள்.

ஆக, எண்ணெய் காலையில் ஓடவும் வேண்டும், நடுவானின் சூட்டில் நீர்த்துப்போகாமல் நிற்கவும் வேண்டும். எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். விமான என்ஜின் செய்யும் லைகமிங் நிறுவனம் தன் என்ஜின்களுக்கு வெப்பநிலை வாரியாக ஓர் அட்டவணை தந்திருக்கிறது. 16 டிகிரிக்கு மேல் என்றால் 40 அல்லது 50 கிரேடு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஆண்டு முழுக்க இந்த ஒரு வரியே போதும். மைனஸ் 12-க்குக் கீழே போனால் 30 கிரேடு அல்லது பல கிரேடு எண்ணெய். டின்னில் அச்சிடும் எண்ணைப் பார்த்துக் குழம்பக் கூடாது. விமான எண்ணெயில் 100 என்றால் 50 கிரேடு, 80 என்றால் 40, 65 என்றால் 30. ‘டபிள்யூ 100’ என்பதில் உள்ள டபிள்யூ சாம்பல் தராத வகையைக் குறிப்பது. ‘15டபிள்யூ-50’ என்பதில் உள்ள டபிள்யூதான் குளிர்காலத்துக்கு உரியது.

இந்தப் பல கிரேடு எண்ணெய் என்னை மிகவும் வியக்க வைத்தது. நீர்த்த எண்ணெய்தான் அடிப்படை. அதில் நீண்ட பாலிமர் மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். குளிரில் அவை நூல்கண்டுபோலச் சுருண்டு ஒதுங்கிக்கொள்ளும், எண்ணெய் தடையில்லாமல் ஓடும். சூடேறினால் பிரிந்து விரிந்து எண்ணெய் மேலும் நீர்த்துப்போகாமல் பிடித்துக்கொள்ளும். ஒரே டின் எண்ணெய், காலையில் 15-ஆகவும் நடுவானில் 50-ஆகவும் நடந்துகொள்கிறது.

இது வருவதற்கு முன்னால் பட்ட பாடு பெரிது. முதல் உலகப் போர் விமானங்கள் பலவற்றில் சிலிண்டர்களே காற்றாடியோடு சேர்ந்து சுழலும் ரோட்டரி என்ஜின். அதற்குள் பெட்ரோல் கலந்த காற்று புகுந்து போகும் என்பதால், பெட்ரோலில் எளிதில் கரையும் கனிம எண்ணெய் உதவாது. அங்கே உதவியது நம் விளக்கெண்ணெய். இந்தியாவில் விளையும் ஆமணக்குக்கு அப்போது பெரிய கிராக்கி இருந்தது, அமெரிக்கா இங்கிருந்து விதை வாங்கிப்போய்த் தன் நிலத்தில் விதைத்தது. ஆனால் விளக்கெண்ணெயும் குளிரில் இறுகும்.

கனடாவின் வடபகுதியில் பறந்த விமானிகள் மாலையில் இறங்கியதும் முதல் வேலையாகச் சூடு ஆறுமுன் எண்ணெயை டின்னில் வடித்து, தங்குமிடத்துக்குள் எடுத்துப்போவார்கள். காலையில் அடுப்பில் வைத்துச் சூடாக்கி மறுபடி ஊற்றுவார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இன்னொரு உத்தி பரவியது. என்ஜினை நிறுத்துமுன் எண்ணெயில் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்துவிடுவது. காலையில் எண்ணெய் நீர்த்திருக்கும். என்ஜின் சூடேறியதும் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் பழைய பதத்துக்கு வரும். டகோட்டா என்ற அந்தக் காலத்துச் சரக்கு விமானத்தில் இதற்கென்றே விமானியின் கைக்கெட்டும் தூரத்தில் சுவிட்ச் இருந்தது. 

நல்ல எண்ணெயை ஊற்றிவிட்டாலும் கவலை தீராது. எரிதலில் உண்டாகும் நீராவி என்ஜின் வயிற்றிலிருந்து ஒரு குழாய் வழியாக வெளியேறும். குளிரில் அந்தக் குழாயின் வாய் பனிக்கட்டியால் அடைபட்டால், உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் முன்பக்க சீல் வளையத்தையே பிதுக்கித் தள்ளிவிடும். எண்ணெய் முழுவதும் வானத்திலேயே ஒழுகிப்போகும். இதைத் தடுக்க அந்தக் குழாயின் மேல்பகுதியில், சூடான என்ஜின் அறைக்குள்ளேயே, ஒரு சிறு துளை போட்டிருப்பார்கள். அடிவாய் அடைபட்டாலும் ஆவிக்கு அது மாற்றுவழி. ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன் டார்ச் அடித்து அந்தத் துளை திறந்திருக்கிறதா என்று பார்ப்பதாக அண்ணன் மகன் சொன்னான்.

பிறகு ஒரு நாள் காலை போர்வையை எடுத்து, ஸ்டார்ட் செய்ததைக் காணொளியாக அனுப்பினான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பதினொன்றாவது நொடியில் முள் எழுந்தது. ஒரு மணி நேரம் பறந்துவிட்டு இறங்கியவன், அடுத்து வரும் மாணவனுக்காகப் போர்வையைப் போர்த்தி, வயரை மறுபடி செருகிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினான்.