சிம் கார்டே சாட்சி சொல்லட்டும்

2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க ஏர்செல் சிக்னல் செத்துப்போனது. பேச முடியாமல் போனது ஒரு கஷ்டம்தான். ஆனால் வங்கிக் கணக்கு, காஸ் பதிவு, ஆதார் எல்லாம் அந்த எண்ணில் இருந்ததுதான் மக்களை உலுக்கியது. வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால் அதே சிம்மிலிருந்து 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால்தான் அதற்கான கோடு வரும். சிக்னலே இல்லாத சிம்மிலிருந்து எதை அனுப்புவது? ஏர்செல் அலுவலகங்களின் வாசலில் கூட்டம் நின்றது. பத்து இலக்க எண் ஒன்று தங்கள் அடையாளமாகவே ஆகிவிட்டதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

இன்று அந்த எண்ணின் பிடி இன்னும் இறுகியிருக்கிறது. சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ ஒரு லாரி ஓனரின் போனை எடுத்துப் பாருங்கள். பாஸ்டேக், டீசல் கார்டு, இன்சூரன்ஸ், ஜி.எஸ்.டி., வங்கி என எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அதில்தான் வந்து விழுகிறது. வண்டி நாக்பூரைத் தாண்டி நிற்கும்; டிரைவர் கூப்பிடுவார்: “ஏனுங்க ஓனர், உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்குமுங்க, பாத்துச் சொல்லுங்க.” ஓனரும் சொல்வார். நாளுக்கு நாலு தடவை இப்படி நம்பரை வாய்விட்டுச் சொல்லிப் பழகியவரிடம், வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் கேட்டால் மட்டும் சொல்லாமல் இருப்பாரா? தவறு அவருடையது அல்ல என்பதே என் எண்ணம். வாயால் சொல்லக்கூடிய ஒன்றைச் சாவியாக்கிய ஏற்பாடுதான் தவறு.

இதில் வருத்தம் என்னவென்றால், இதைவிட வலுவான சாவி அந்த சிம்முக்குள்ளேயே இருக்கிறது. சிம் என்பது வெறும் எண்ணைத் தாங்கும் அட்டை அல்ல, சின்னதொரு கணினி. 1991இல் ஜெர்மனியின் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் ஃபின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு முதல் சிம் கார்டுகளைச் செய்து கொடுத்தது. அப்போதிருந்தே ஒவ்வொரு சிம்முக்குள்ளும் 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண் வைக்கப்படுகிறது. அதன் இன்னொரு பிரதி தொலைபேசி நிறுவனத்தின் கணினியில் மட்டும் இருக்கும். போனை ஆன் செய்ததும் நிறுவனம் ஏதோ ஒரு எண்ணை அனுப்புகிறது. சிம் அதைத் தன் ரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பக்கமும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை ஒத்துப்போனால் சேவையைத் திறக்கிறது. ரகசியம் அட்டையைவிட்டு வெளியே வருவதே இல்லை. நமக்கே தெரியாத ஒன்றை யார் நம்மை ஏமாற்றி வாங்க முடியும்?

எஸ்தோனியாவில் 2007 முதலே சிம்மை வைத்து வங்கிக்குள்ளும் அரசு சேவைகளுக்குள்ளும் நுழைகிறார்கள். டிஜிட்டல் கையெழுத்துக்கான தனிச்சாவி சிம்மிலேயே இருக்கும். போனில் பின் எண்ணைப் போட்டால் போதும்.

நம் ஊரில் இதற்கு நெருங்கி வந்தது யு.பி.ஐ. புதிதாக ஜிபேயோ போன்பேயோ நிறுவும்போது, சிம் 1, சிம் 2இல் எது என்று கேட்டுவிட்டு, ஆப் தானாக ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். ஓ.டி.பி. உள்ளே வருவது, இது வெளியே போவது. எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதைப் பார்த்து அந்த எண்ணையும் அந்த போனையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். ரீசார்ஜ் தீர்ந்து எஸ்.எம்.எஸ். போகாத சிம்மில் பதிவு நின்றுவிடுவதும் இதனால்தான். இதிலும் ஓட்டை உண்டு. ‘இந்த மெசேஜை இந்த நம்பருக்கு அனுப்புங்க’ என்று யாராவது எழுத்துக் குவியல் ஒன்றை அனுப்பினால் தொடவே வேண்டாம். உங்கள் எண்ணை அவன் போனில் கட்டுவதற்கான எஸ்.எம்.எஸ்.ஸாக அது இருக்கலாம்.

இன்னொரு ஆபத்து, உங்கள் பெயரில் வேறொருவன் டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுவது. அதனால்தான் புது சிம் போட்டதும் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வரவும் போகவும் விடாமல் நிறுத்துகிறார்கள். 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது. கைவிட்ட எண்ணோ துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்ததும் வேறொருவர் கைக்குப் போகலாம். பழைய எண்ணை வங்கியில் மாற்றாமல் இருப்பவர்கள் இதை நினைத்தாவது ஒரு நடை போய்வர வேண்டும்.

2025 நவம்பர் 28இல் தொலைத்தொடர்புத் துறை இன்னும் ஒரு படி போனது. வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவை பதிவுசெய்த சிம் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும், கணினியில் திறந்த வாட்ஸ்அப் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டு, 90 நாள் அவகாசம் கொடுத்தது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்திய எண்ணில் மோசடி செய்பவர்களை முடக்குவதே நோக்கம். நோக்கம் சரிதான். ஆனால் லாரி புக்கிங் ஆபீஸில் காலையில் திறந்த வாட்ஸ்அப் வெப்பை இரவு வரை யாரும் மூடுவதில்லை. லோடு விவரம், பில், ஆர்.சி. போட்டோ எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. போன் ஓனரிடம், கணினி குமாஸ்தாவிடம் என்றிருக்கும் இடத்தில் ஆறு மணி நேரக் கணக்கு பெரிய இடைஞ்சல்.

சிம்மைச் சாட்சியாக்குவது நல்ல வழி என்று நான் நம்புகிறேன். சாட்சியும் கணக்கும் ஒரே ஆளுடையதாக இருந்தால்தான் அது செல்லும். நம் வீடுகளில் மனைவியின் கணக்குக்குக் கணவரின் எண், அப்பாவின் கணக்குக்கு மகனின் எண். மகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தால், இங்கே அப்பா தன் பணத்தை எடுக்கவே திண்டாட வேண்டும். அவரவர் கணக்கு அவரவர் பெயரில் உள்ள சிம்மோடு இருக்கட்டும். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். பக்கத்தில் எல்லோருக்கும் சிக்னல் இருந்து உங்கள் போனில் மட்டும் திடீரென்று அற்றுப்போனால், டவர் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். வேறு போனிலிருந்து முதலில் சிம் நிறுவனத்தையும் வங்கியையும் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930.