மேஸ்திரி வருவதற்கு முன்

வருசநாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் பழுதுவேலை என்று பேச்செடுத்தால் முதலில் தேடுவது மேஸ்திரியைத்தான். அவர் வந்து அண்ணாந்து பார்த்து ஒரு தொகை சொல்வார்; அட்வான்ஸ் கைமாறும்; மறுவாரம் கடப்பாரை இறங்கிவிடும். வீட்டுக்கு என்ன நோய் என்று அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதைப் பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரர். பார்க்க வேண்டிய காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஒரு சாக்பீஸோடு வீட்டைச் சுற்றி வந்து, ஈரம் கண்ட இடத்தையெல்லாம் வட்டமிட்டுத் தேதி போட வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்பதை மழை தானே காட்டிக் கொடுக்கும். பங்குனி வெயிலில் வந்து நிற்கும் மேஸ்திரிக்கு இதில் எதுவுமே தெரியாது.

தளத்தின் அடிப்பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிற பழைய தொகுப்பு வீடுகளை எடுத்துக்கொள்வோம். விழுந்த இடத்தில் சிமெண்டை அப்பி வெள்ளையடித்துவிடுவார்கள். ஒன்றிரண்டு மழையில் அதுவும் விழும். மேலே தேங்கிய தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவேற்றுகிறது. துருவேறிய கம்பி பருக்கும். அந்த நெருக்கத்தில்தான் கான்கிரீட் பிளக்கிறது. மாடியில் நீர்வாட்டத்தைச் சரிசெய்து தட்டோடு பதிக்காமல், துருவைச் சுரண்டிக் கம்பியைக் காப்பாற்றாமல், கீழே பூசுவதெல்லாம் வீண்செலவு. கம்பி கண்ணுக்குத் தெரிய இளைத்திருந்தால் பூச்சுவேலையை மறந்துவிட்டு ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு யோசிக்கவே கூடாது. தளம் தலைக்கு மேல் இருக்கும் பாரம்.

சுவர் வெடிப்பையும் இப்படித்தான் படிக்க வேண்டும். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். மாதங்கள் கழித்தும் கோட்டைத் தாண்டாவிட்டால் பெரும்பாலும் பூச்சு வெடிப்புதான். கோட்டைத் தாண்டிச் சாய்வாக ஓடினால் கடைக்கால் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கரிசல் மண்ணில் நிற்கும் வீடு மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண்ணோடு சேர்ந்து ஆடும். அங்கே இந்தச் சோதனை இன்னும் முக்கியம்.

வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. வானம் வெளுத்திருக்கும், கிணற்றிலும் தண்ணீர் கிடக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் மூல வைகை மழையை நம்பிய ஆறு. சித்திரையில் தளம் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு அலைவது கொடுமை. சாதாரண சிமெண்டில் போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. ஆற்று மணலை இரவில் அள்ளித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் கிணறுகள் அந்த மணலை நம்பித்தான் ஊறுகின்றன. நல்ல எம்-சாண்ட் போதும்.

சாமான் கணக்கையும் முன்னாலேயே போட வேண்டும். கடமலைக்குண்டும் மயிலாடும்பாறையும் தாண்டி உள்ளே இருக்கிற ஊருக்கு, மறந்துபோன இரண்டு மூட்டைக்காக இன்னொரு வண்டி வாடகை கொடுப்பது வயிற்றெரிச்சல். 10க்கு 10 அடி அறைக்கு 5 அங்குலக் கனத்தில் தளம் போட்டால் கான்கிரீட் ஏறக்குறைய 42 கன அடி. 1:1½:3 கலவையில் ஒன்பது, பத்து மூட்டை சிமெண்ட் பிடிக்கும். இந்தக் கணக்கு வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று மேஸ்திரிக்குத் தெரிந்தாலே பேச்சு மாறிவிடும்.

சண்டை அதிகம் வருவது 'சதுர அடிக்கு இவ்வளவு' என்கிற ஒற்றை வாக்கியத்தில். எந்தச் சதுர அடி? சன்ஷேடு, மாடிப்படி, கழிவறைத் தொட்டி அதில் சேர்த்தியா? சென்ட்ரிங் பலகை வாடகை யாருடையது? இடித்த கல்லையும் மண்ணையும் யார் அள்ளுவது? தளத்துக்குத் தண்ணீர் விடும் ஆள் யார்? இத்தனையையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மேஸ்திரி சொந்தக்காரர் என்றால் இன்னும் கட்டாயமாக. உறவைக் காப்பாற்றப் போவது அந்தத் தாள்தான்.

காட்டை ஒட்டிய ஊர்களில் இன்னொன்றும் உண்டு: நிலம் யாருடையது என்ற கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. பல தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்களுக்கு நான் சொல்வது வலிக்கும். ஆனாலும் பட்டா தெளிவாக இல்லாத இடத்தில் கடன் வாங்கிச் சுவர் எழுப்பாதீர்கள். குடிசைவாசிகள் 2024-25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைப் பற்றி ஊராட்சியில் விசாரிக்கலாம். வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், குறைந்தது 360 சதுர அடி என்று அறிவிக்கப்பட்ட திட்டம் அது. அதற்கும் முதலில் கேட்பது நிலத்தின் காகிதத்தைத்தான்.

வேலைக்கு வரும் கொத்தனாரும் சித்தாளும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 1994இல் அமைந்த வாரியம் அது. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் அவர் குடும்பத்துக்கு உதவி கேட்க அந்தப் பதிவு வேண்டும். பணத்தைக் கடைக்கால், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஒழுகல் வேலைக்கு மட்டும் ஒரு பங்கை அடுத்த மழை வரை நிறுத்திவைப்பதாக முதல் நாளே பேசி, அதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.