ஓடுபவருக்கு எது பாதை? தெரியுமா?

விடியற்காலையில் சாத்தான்குளத்திலிருந்து உடன்குடி ரோட்டிலோ நாசரேத் ரோட்டிலோ போய்ப் பாருங்கள்! வாக்கிங் போகும் பெரியவர்கள், போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடும் இளவட்டங்கள், ஸ்கூல் சைக்கிள்கள், சீசனில் திருச்செந்தூர் பாதயாத்திரைக்காரர்கள்... அத்தனை பேருக்கும் ரோட்டு ஓரம்தான் கதி. சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்ட ஊர்களில் நடப்பவரும் ஓடுபவரும் அதில் போகலாமா? உலகம் சொல்லும் பதில்களைக் கேளுங்கள்!

● எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஜெர்மனியில் நீங்கள் சட்டப்படி பாதசாரிதான்! நடைபாதை இருந்தால் அதில்தான் ஓட வேண்டும்.

● சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்திலேயே, நடைபாதை இல்லையென்றால் நடப்பவர் சைக்கிள் பாதையில் தாராளமாகப் போகலாம்! 1968-ன் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமும் இதையே சொல்கிறது. ஆனால் நிபந்தனை உண்டு: சைக்கிளை மறிக்கக் கூடாது.

● பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே! தடைப்பலகை இல்லாத இடத்தில் நடைபாதை, சைக்கிள் பாதை, சாலை மூன்றுமே நடப்பவருக்குத் திறந்தவை. 2022 ஜனவரியில் திருத்திய சாலை விதிக் கையேடு இதைப் பளிச்சென்று எழுதிவிட்டது.

● சிங்கப்பூரில் மாட்டிக்கொள்வது யார் தெரியுமா? சைக்கிள்காரர்! 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டிய நடைபாதை நடப்பவருக்கு மட்டுமே. அதில் சைக்கிள் மிதித்தால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 3 மாதம் வரை சிறை! நடப்பவருக்கோ, 'உங்கள் பாதையிலேயே போங்கள்' என்ற அறிவுரைதான்.

● நம் நாட்டில்? நடைபாதையிலோ சைக்கிள் பாதையிலோ மோட்டார் வண்டி ஏறக் கூடாது என்று 1989 சாலை விதிமுறைகளிலேயே இருந்தது! சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் அனுமதித்தால் மட்டுமே விலக்கு. நடைபாதையில் பைக் விடும் அண்ணாச்சிமார் கவனிக்க!

● 2014-லேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கை வகுத்தது சென்னை மாநகராட்சி. திண்டுக்கல்–பழனி சாலையோரத்தில் பாதயாத்திரை பக்தர்களுக்கென்றே தனி நடைபாதை உண்டு. மனசு வைத்தால் இடம் கிடைக்கும்!

● இன்னொரு ஆச்சரியம்! கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் போனார். நல்ல நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் அந்த வழக்கில்தான் நீதிமன்றம் சொன்னது. பாதசாரிகளுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் 6 மாதத்துக்குள் விதி எழுதுங்கள் என்று அதே ஆண்டு அக்டோபரில் மாநிலங்களுக்கு உத்தரவும் போட்டது!

பல ஊர்ச் சட்டங்கள் முதலில் கேட்பது, 'நடைபாதை இருக்கிறதா?' என்றுதான். அது இல்லாத ரோட்டில் ஓடுபவரைக் குறை சொல்ல எந்தச் சைக்கிளுக்கும் வாயில்லை. ஆகவே, நம்ம பேரூராட்சியில் மனுக் கொடுப்பவர்கள் சைக்கிள் பாதைக்கு முன்னால் நடைபாதையைக் கேளுங்கள்!