படம் முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு... இன்னும் மனசை விட்டுப் போகலையா? காரணம் இதுதான்!

ராத்திரி 11 மணிக்கு ஒரு படத்தை ஆரம்பிக்கிறீங்க. பாதி பார்த்துட்டுத் தூங்கிடலாம்னுதான் நினைப்பு. ஆனா, படம் முடியும்போது மணி ஒன்றரை. லைட்டை அணைச்சுட்டுப் படுத்தாலும் தூக்கம் வரலை. மறுநாள் பஸ்ல போகும்போது, மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, அந்தக் கடைசிக் காட்சி கண்ணு முன்னாடி வந்து நிக்குது. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட "செம படம், கண்டிப்பா பாரு"ன்னு சொல்றதைத் தாண்டி வேற எதுவும் சொல்லத் தெரியலை.

எத்தனை படம் பார்த்தாலும் இப்படி மனசுல தங்கிப்போறது சில படங்கள்தான். சூப்பர் ஹிட்டான படம் அடுத்த மாசமே மறந்துபோகுது. தியேட்டர்ல ஓடாத ஒரு படம் பத்து வருஷம் கூடவே வருது. அந்தச் சில படங்கள் மட்டும் நமக்குள்ள என்னதான் பண்ணுது? (சில படங்களோட கிளைமாக்ஸ் பற்றியும் பேசப்போறோம். பார்க்காதவங்க உஷார்!)

அழுகைக்கு நாலு காரணம்

எதுக்கெல்லாம் மனுஷனுக்கு அழுகை வரும்? இந்தக் கேள்விக்குத் தொல்காப்பியமே பதில் சொல்லியிருக்கிறது. அதில் மெய்ப்பாட்டியல் என்று தனியாக ஓர் இயலே உண்டு. உள்ளே இருக்கிற உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. மொத்தம் எட்டு மெய்ப்பாடுகள். அதில் ஒன்றான அழுகைக்கு நான்கு காரணங்களைத் தொல்காப்பியர் சொல்கிறார். இளிவு, அதாவது அடுத்தவர் நம்மை இழிவாக நடத்துவது. இழவு, அதாவது இழப்பு. அசைவு, அதாவது நல்லா இருந்த நிலையிலிருந்து கீழே விழுவது. நான்காவது, வறுமை.

இப்போ உங்களை அழ வைத்த படங்களை மனசுக்குள்ள ஒரு லிஸ்ட் போடுங்க. பெரும்பாலும் இந்த நான்கில் ஏதோ ஒன்றில் வந்து நிற்கும். 'பரியேறும் பெருமாள்' (2018) இளிவு. 'மூன்றாம் பிறை' (1982) இழவு. சொந்த ஊரில் கௌரவமாக வாழ்ந்த ஒரு மனிதன் சென்னைக்கு வந்து, ஏமாந்து, ஜெயிலுக்குப் போய், பிள்ளைகளையும் தொலைத்துவிட்டு அலையும் 'மகாநதி' (1994) அசைவு. வேலைக்கு அத்தியாவசியமான சைக்கிளைத் திருட்டில் இழந்த அப்பாவும், கூடவே ரோம் நகரத் தெருக்களில் தேடி அலையும் குட்டிப் பையனும் வரும் இத்தாலியப் படமான 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) வறுமை.

சரி, இந்த நான்கில் ஒன்றை வைத்துக் கதை பண்ணிவிட்டால் போதுமா? போதாது. ஆஸ்பத்திரி சீன், மழை, சோக வயலின் எல்லாம் இருந்தும், வாசலைத் தாண்டினதும் மறந்துபோன படங்களும் நிறைய இருக்கே!

மிச்சத்தை நம்மிடம் விட்டுவிடுகிற படங்கள்

'மூன்றாம் பிறை' கிளைமாக்ஸை நினைத்துப் பாருங்க. விஜிக்குப் பழைய நினைவு திரும்பிவிட்டது. ஆனால், சீனுவோடு இருந்த நாள்கள் மட்டும் அவளிடம் இல்லை. ரயில் கிளம்பும் நேரத்தில், தன்னை ஞாபகப்படுத்த அவன் குரங்கு மாதிரி ஆடிக் காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியக்காரன். ரயில் போய்விடுகிறது. படமும் முடிந்துவிடுகிறது.

அவன் அப்புறம் என்ன ஆனான்? அவளுக்கு எப்போதாவது ஞாபகம் வந்ததா? இயக்குநர் பாலுமகேந்திரா ஒரு வார்த்தை சொல்லவில்லை. 40 வருஷத்துக்கு மேல ஆகியும் பார்த்தவர்கள் அந்த ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வராததற்கு முக்கியமான காரணம் அதுதான். கதையின் மிச்சம் நம்மிடம் இருக்கிறது.

ப்ளூமா ஜெய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். செய்து முடித்த வேலைகளைவிட, பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள்தான் மனதில் நன்றாக நிற்கின்றன என்றார் அவர். பின்னாளில் இதே சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்கு எல்லா நேரமும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும், பேசி முடிக்காத ஒரு சண்டை, அனுப்பாமல் டைப் பண்ணி அழித்த ஒரு மெசேஜ்... இதெல்லாம் எவ்வளவு நாள் நம்மை உறுத்தும்னு நமக்கே தெரியும். சில படங்களும் அப்படித்தான்.

சினிமாவிலேயே இதற்கு இன்னொரு பிரபலமான உதாரணம் உண்டு. சுமார் 100 வருஷங்களுக்கு முன்னாடி, ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்துக்கொண்டார். அதே ஷாட்டை ஒரு சூப் கிண்ணத்தோடும், சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டினார். பார்த்தவர்கள், அந்த முகத்தில் பசி தெரிகிறது, துக்கம் தெரிகிறது, ஆசை தெரிகிறது என்றார்களாம். முகம் என்னவோ ஒன்றுதான். உணர்ச்சியைக் கொண்டுபோய் வைத்தது பார்த்தவர்கள்.

ஹீரோ கதறிக் கதறி அழும் சீனில் நமக்கு வேலை இல்லை, அவரே அழுதுவிடுகிறார். அவர் அழாமல் நிற்கும்போதுதான் அந்த அழுகை நமக்கு வந்து சேர்கிறது.

ஒரு மிட்டாய் டப்பா, இரண்டு டீ கிளாஸ்

"ட்விஸ்ட் தெரிஞ்சுட்டா படம் போச்சு" என்று நினைக்கிறவரா நீங்க? அப்படின்னா, ஜப்பானிய அனிமேஷன் படமான 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' (1988) உங்களுக்காகத்தான். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் வீட்டையும் அம்மாவையும் இழந்த 14 வயது அண்ணனும் 4 வயது தங்கையும்தான் கதை. படத்தின் தொடக்கத்திலேயே, ரயில் நிலையத்தில் அந்த அண்ணன் இறந்துபோகிறான். அவனிடம் இருந்த துருப்பிடித்த மிட்டாய் டப்பாவை ஒருவர் தூக்கி எறிகிறார். அதற்குள் சின்னச் சின்ன எலும்புத் துண்டுகள். முடிவு என்னவென்று இயக்குநர் இசாவோ தகாஹாதா முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிட்டார்.

ஆனாலும் பார்க்கிறவர்கள் உடைந்துபோகிறார்கள். ஏன்னா, அடுத்த ஒன்றரை மணி நேரமும் அந்தக் குட்டிப் பொண்ணு டப்பாவைக் குலுக்கி மிட்டாய் கேட்கும்போதெல்லாம், டப்பாவுக்குள் கடைசியில் என்ன இருக்கப்போகிறது என்று நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

மனசில் தங்குகிற படங்களில் இப்படி ஒரு சின்னப் பொருள் இருக்கும். 'பரியேறும் பெருமாள்' முடியும்போது இரண்டு டீ கிளாஸ்களும் நடுவில் ஒரு மல்லிகைப்பூவும். '96' படத்தில், ஜானு விட்டுச்சென்ற உடையை ராம் பத்திரமாக எடுத்து வைக்கும் அந்தப் பெட்டி. பெரிய துக்கத்தை அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்வது கஷ்டம். ஒரு டீ கிளாஸை ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம். அப்புறம் என்றைக்கோ டீக்கடையில் நிற்கும்போது, அந்த கிளாஸ் வழியாக மொத்தப் படமும் திரும்பி வந்துவிடும். பாட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. '96' வயலின் எங்கேயாவது கேட்டதும் கை வேலையை நிறுத்துகிறதா, இல்லையா?

ஒரே படம், வேற வேற வயசு

ப்ளஸ் டூ படிக்கும்போது '96' பார்த்தவருக்கு அது ஒரு லவ் ஸ்டோரி. வேலை, ஊர் மாற்றம், ஒரு பிரேக்கப் எல்லாம் தாண்டிப் பார்க்கிறவருக்கு, சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்ட எல்லாவற்றின் கதை. படம் மாறவில்லை, நீங்க மாறிட்டீங்க.

'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தபோது தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. பிறகு டி.வி-யில் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் அதைக் கொண்டாட ஆரம்பித்தார்கள். அந்தப் படம் சொன்னதை வாங்கிக்கொள்ளப் பலருக்கு வயசும் அனுபவமும் தேவைப்பட்டிருக்கலாம்.

ஒரு படம் ஒருவரின் பாதையையே மாற்றியதும் உண்டு. 1950-ல், விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சத்யஜித் ரே சில மாதங்கள் லண்டனில் தங்கியிருந்தார். அங்கே அவர் பார்த்த படங்களில் ஒன்றுதான் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. பெரிய ஸ்டார் இல்லாமல், ஸ்டூடியோ செட் இல்லாமல், நிஜத் தெருவில் இப்படி ஒரு படம் எடுக்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கேதான் உறுதியானது. 1955-ல் 'பதேர் பாஞ்சாலி' வந்தது.

ஆக, ஒரு படம் உங்களை உலுக்கினால் "நான் ரொம்ப வீக்கா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டாம். 'படம் பார்க்கும்போது எனக்கு யாரோட முகம் ஞாபகம் வந்தது?' இதைக் கேளுங்க. மகள் மீது உயிராக இருக்கும் ஓர் அப்பாவைத் திரையில் பார்த்து நீங்க அழுதது அந்த அப்பாவுக்காக மட்டும் இருக்காது. பேசி நாலு மாசமான உங்க அப்பாவுக்காகவும் இருக்கலாம்.

கடைசி 5 விநாடியைத் தொலைக்காதீங்க!

உளவியலாளர் டேனியல் கானமன் குழு 1993-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. முதலில் 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே இன்னும் 30 விநாடி. ஆனால், அந்த 30 விநாடியில் தண்ணீர் மெதுவாக ஒரு டிகிரி சூடேறும். மறுபடியும் செய்வதென்றால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, பெரும்பாலானவர்கள் நீண்டதையே சொன்னார்கள். காரணம், அதன் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. ஓர் அனுபவத்தின் உச்சத்தையும் முடிவையும் வைத்துத்தான் மொத்தத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் கண்டது.

இப்போ, மொபைலில் படம் எப்படி முடிகிறது? கடைசி ஷாட் மறையும் முன்னாடியே திரை சுருங்கி, அடுத்த படத்தின் விளம்பரம் வந்துவிடுகிறது. நடுவில் நாலு நோட்டிஃபிகேஷன். கிளைமாக்ஸை ஏற்கெனவே ரீல்ஸில் பார்த்தாச்சு. பாட்டை ஓட்டிவிட்டு, ஸ்லோ சீனை 1.5x வேகத்தில் பார்த்துவிட்டு, "படம் ஒண்ணும் ஃபீல் ஆகலையே" என்றால் எப்படி? நம்மிடம் மிச்சம் விடுகிற படத்துக்கு, அந்த மிச்சத்தை வாங்கிக்கொள்ள நாம் கொஞ்சம் நேரம் கொடுக்கணும் இல்லையா?

சில சின்ன விஷயங்களைச் செய்து பாருங்க.

* ஆட்டோப்ளேயை ஆஃப் பண்ணுங்க. பெயர்கள் ஓடி முடியும்வரை இரண்டு நிமிஷம் சும்மா இருங்க. ரேட்டிங் பார்ப்பதும் ஸ்டேட்டஸ் போடுவதும் அதற்கப்புறம்.

* முடிந்தால் சேர்ந்து பாருங்க. 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ராபின் டன்பார் குழு, ஒரு கூட்டத்துக்கு மனதை உலுக்கும் படத்தையும் இன்னொரு கூட்டத்துக்குச் சாதாரண ஆவணப்படங்களையும் காட்டியது. உலுக்கும் படத்தைப் பார்த்தவர்களுக்கு, சராசரியாக, வலியைத் தாங்கும் அளவும் கூடப் பார்த்தவர்கள் மீதான நெருக்கமும் அதிகரித்திருந்தன. தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரரும் மூக்கை உறிஞ்சும்போது நமக்குக் கிடைக்கும் ஆறுதல் சும்மா இல்லை.

* யாரிடமாவது பேசுங்க. "படம் எப்படி?" என்று கேட்காமல், "உனக்கு எந்த சீன் மனசுல நின்னுச்சு?" என்று கேளுங்க. ஒரே படத்தில் உங்களுக்கு ஒரு சீன், அம்மாவுக்கு வேறொரு சீன் நின்றிருக்கும். அவங்க சொல்லாத ஒரு கதை அதற்குப் பின்னாடி இருக்கலாம்.

* தாங்க முடியலைன்னா நிறுத்திடுங்க. சமீபத்தில் ஓர் இழப்பையோ, வன்முறையையோ சந்தித்தவர்களுக்குச் சில படங்கள் பழைய காயத்தைக் கிளறிவிடும். "முழுசா பார்த்தாத்தான் ரசிகன்" என்றெல்லாம் சட்டம் இல்லை. படம் பார்த்து வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வேலை ஓடவில்லை என்றால் அது படத்தின் பாதிப்பு மட்டும் இல்லை. மனநல ஆலோசகரிடம் பேசலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

மனசில் தங்குகிற படம் என்றால் அது அழ வைத்தே ஆகணும் என்றும் இல்லை. 'காக்கா முட்டை' (2015) பசங்களை யாராவது மறந்திருக்கீங்களா? அலைந்து திரிந்து, அடி வாங்கி, கடைசியில் கைக்கு வந்த பீட்சாவைக் கடித்துவிட்டு, இதைவிட ஆயா சுட்ட தோசையே நல்லா இருந்ததென்று சொன்ன அந்த நிமிஷம் இன்னும் சிரிப்பைக் கொடுக்குது. கூடவே தொண்டையில எதுவோ அடைக்கவும் செய்யுது.

அடுத்த தடவை ஒரு படம் உங்களை இரண்டு நாள் தூங்க விடலைன்னா, அதை மறக்க உடனே அடுத்த படத்தைப் போடாதீங்க. உங்களுக்கு ஞாபகம் வந்த அந்த முகத்துக்குச் சொந்தக்காரருக்கு ஒரு போன் போடுங்க. "சும்மாதான் கூப்பிட்டேன், ஒரு படம் பார்த்தேன்..."னு ஆரம்பிச்சாலே போதும், மிச்சத்தை அவங்களே பேசுவாங்க.