ஆள் வராத வகுப்பு: ஒரு கல்லூரி தன் படிப்புகளை வெட்டும் விதம்

"ஆளே வரலைன்னா வகுப்பை வச்சுக்கிட்டு என்ன செய்யறது?" ஒரு படிப்பை மூடும்போது கல்லூரி நிர்வாகம் கேட்கும் கேள்வி இது. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இப்படி நியாயமாகப் படுகிற கேள்விகளையே நாம் முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ஆள் வரவில்லை என்று எண்ணியது யார், எப்போது எண்ணினார்கள், எண்ணுவதற்கு முன்பு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்துகொள்கின்றன. கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளை, குறிப்பாக சான் ஃபிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியை வைத்து இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

சமுதாயக் கல்லூரி என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. 1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கியவை அமெரிக்க மாதிரியைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. அங்கே அதன் அளவு வேறு. கலிஃபோர்னியாவில் மட்டும் 116 கல்லூரிகள், சுமார் 20 லட்சம் மாணவர்கள். பதினெட்டு வயதான யாரும் சேரலாம். மதிப்பெண் வடிகட்டல் கிடையாது. மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம், 2012லிருந்து அதுதான். பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகப் போகிறவர், வெல்டிங் கற்கிறவர், நேற்று குடியேறி இன்று ஆங்கிலம் கற்க வந்தவர், ஓய்வுபெற்ற பின் வரலாறு படிக்கிறவர் என எல்லோருக்கும் ஒரே வளாகம்.

1

நடைமுறை என்ன? ஒவ்வொரு துறையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை தன்னைப் பற்றியே ஓர் அறிக்கை எழுத வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், அடுத்து என்ன திட்டம். தொழிற்படிப்புகள் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பாய்வு செய்ய வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது: வேலைச் சந்தையில் இதற்குத் தேவை உண்டா, பக்கத்துக் கல்லூரியும் இதையே வீணாக நடத்துகிறதா, படித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா. இந்த மதிப்பாய்வை எப்படி நடத்துவது என்பதில் ஆசிரியர் பேரவைக்கும் குரல் உண்டு என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. இறுதி முடிவு, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழுவுடையது.

காகிதத்தில் பார்த்தால் இதைவிட ஜனநாயகம் வேண்டுமா என்று தோன்றும். கண்காணிப்பதும் தீர்ப்பளிப்பதும் ஒரே சடங்கில் கூடுகிற இடம் 'தேர்வு' என்று 1975இல் ஃபூக்கோ காட்டினார். இங்கே அது இன்னும் ஒருபடி மேலே போகிறது. தேர்வு எழுதுகிறவரே தன் கோப்பையும் தயாரிக்கிறார். "என் துறையில் சேர்க்கை குறைந்துள்ளது" என்று ஆசிரியர் தன் கையாலேயே எழுதித் தர வேண்டும். வெட்டு வரும் நாளில் அந்த வரியே மேற்கோளாகத் திரும்பி வரும். தன் குழியைத் தானே தோண்டுவது என்பார்களே, அதுதான்.

2

அடுத்து, கணக்கு. இந்தக் கல்லூரிகளில் நடமாடும் ஒரு மந்திர எண் 525. ஓர் ஆசிரியர் வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்புகள் ஐந்து எடுக்கிறார். வகுப்புக்கு 35 பேர். ஐந்தை மூன்றால் பெருக்கி, அதை 35ஆல் பெருக்கினால் 525. இதுதான் 'உற்பத்தித்திறன்' அளவுகோல். வகுப்பில் இருபது பேர் என்றால் 300. அட்டவணையில் அந்தத் துறை சிவப்பாகிவிடும்.

உற்பத்தித்திறன் என்ற சொல்லைக் கவனியுங்கள். இங்கே உற்பத்தியாவது எது? நாற்காலி நிரம்பியதா என்பது மட்டுமே எண்ணப்படுகிறது. மருத்துவமனை வார்டில் செவிலியர் பயிற்சிக்கு ஓர் ஆசிரியரோடு 35 பேர் நிற்க முடியாது. வெல்டிங் பட்டறையிலும் முடியாது. மொழி வகுப்பில் முதல் நிலைக்கு 35 பேர் வருவார்கள், நான்காம் நிலைக்குப் பன்னிரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். அந்த நான்காம் நிலையை வெட்டினால் முதல் நிலைக்கு வருகிறவரும் யோசிப்பார், முடிக்க முடியாத படிப்பில் எதற்குச் சேர வேண்டும் என்று.

2018இல் மாநிலம் நிதிப் பங்கீட்டு முறையை மாற்றியது. இன்று சுமார் 70 சதம் சேர்க்கையை வைத்து, 20 சதம் உதவித்தொகை பெறும் ஏழை மாணவர் எண்ணிக்கையை வைத்து, 10 சதம் பட்டம், சான்றிதழ் போன்ற 'வெற்றி'களை வைத்து. ஏழை மாணவருக்குப் பங்கு வைத்தது நல்லதுதான். ஆனால் ஒரே ஒரு வரலாற்று வகுப்பு படித்து மனநிறைவோடு வீட்டுக்குப் போன எழுபது வயதுக்காரர் வெற்றிப் பத்தியில் எங்குமே இல்லை.

3

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஆள் ஏன் வரவில்லை? மாலை வகுப்பைப் பகலுக்கு மாற்றினால், பகலில் வேலைக்குப் போகிறவர் வரமாட்டார். மூன்று பிரிவுகளை ஒன்றாக்கினால், அந்த ஒன்று நடக்கிற நேரம் ஒத்துவராதவர் வரமாட்டார். ஓவியம், நடனம், உடற்பயிற்சி வகுப்புகளைத் திரும்பத் திரும்ப எடுக்கக்கூடாது என்று 2012இல் மாநில அளவில் விதியே கொண்டுவந்தார்கள். தடுக்கப்பட்டவர் எப்படி வருவார்? இப்படியாகக் குறைந்த எண்ணிக்கை அடுத்த மதிப்பாய்வில் 'தேவை குறைந்தது' என்று பதிவாகிறது. வெட்டு முதலில், காரணம் பிறகு. வேலிக்கு ஓணான் சாட்சி.

நாள்காட்டியும் ஓர் ஆயுதம். நிரந்தர ஆசிரியரை நீக்க வேண்டுமென்றால் மார்ச் 15க்குள் நோட்டீஸ் தர வேண்டும், மே 15க்குள் உறுதிசெய்ய வேண்டும். மாநில பட்ஜெட் முடிவாவதோ ஜூனில்தான். ஆகவே எவ்வளவு பணம் வரும் என்று தெரிவதற்கு முன்பே, எதற்கும் இருக்கட்டும் என்று தேவைக்கு மேல் நோட்டீஸ் போகிறது. பகுதிநேர ஆசிரியருக்கு அதுவும் கிடையாது. ஒரு கல்லூரி மாவட்டத்தில் முழு வேலையில் 67 சதத்துக்கு மேல் அவருக்குத் தரக்கூடாது என்பது சட்டம். அடுத்த பருவத்தில் வகுப்பே தராமல் விட்டால் யாரும் கேட்க முடியாது. நீக்கம் என்ற சொல்லே பதிவாகாமல் முடிந்துபோகிறது.

4

1935இல் தொடங்கிய சான் ஃபிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் இவையெல்லாம் கண்முன்னே நடந்தன. 2012 ஜூலையில் தர அங்கீகார ஆணையம் அதற்குக் கடைசி எச்சரிக்கை விடுத்தது. குறை சொல்லப்பட்டது நிர்வாகமும் நிதியும். கற்பித்தலின் தரம் அல்ல. அதே ஆண்டு கல்லூரி தன் நோக்க அறிக்கையைத் திருத்தியது: வாழ்நாள் கல்வி முதன்மை வரிசையிலிருந்து இறங்கி, வசதி இருந்தால் பார்க்கலாம் என்ற இடத்துக்குப் போனது. 2013இல் அங்கீகாரத்தை ரத்து செய்யப்போவதாக ஆணையம் அறிவித்தது. மாநிலம் தனி அதிகாரி ஒருவரிடம் அறங்காவலர்களின் அதிகாரத்தை ஒப்படைத்தது. நகர வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். ஆணையம் சட்டத்தை மீறியது, பதில் சொல்லக் கல்லூரிக்கு உரிய வாய்ப்புத் தரவில்லை என்று 2015இல் தீர்ப்பு வந்தது. 2017இல் முழு அங்கீகாரம் திரும்பியது. ஆனால் மூடப்படப் போகிற கல்லூரி என்று கேள்விப்பட்டு விலகிய பல்லாயிரம் பேர் அப்படித் திரும்பவில்லை.

பிறகு வெட்டுகள். 2019 நவம்பரில், அடுத்த பருவத்துக்கான சுமார் 300 வகுப்புகள் ஒரே வீச்சில் ரத்தாயின. முதியோர் வகுப்புகளுக்குத்தான் பெரிய அடி. 2021இல் 163 முழுநேர ஆசிரியர்களுக்கு நோட்டீஸ். சங்கத்தார் சம்பளக் குறைப்பை ஏற்றுக்கொண்டு அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். 2022 மே மாதம் 38 முழுநேர ஆசிரியர்கள் நீக்கப்பட்டார்கள்.

5

"அப்போ காசு இல்லைங்கிறது பொய்யா?" என்று தோழர்கள் கேட்கலாம். பொய்யில்லை. எந்தப் படிப்பையும் எக்காலத்திலும் மூடக்கூடாது என்றால் புதிதாக எதையும் தொடங்க முடியாது. அப்படிச் சொல்வது பழைய துறைகளின் ஆதிக்கத்துக்கே உதவும். பிரச்சினை, எண்களுக்கு முன் நம் வாயடைத்துப் போவதுதான். எண்ணுவதை மறுக்க வேண்டாம். கூடுதலாக எண்ணச் சொல்வோம். சேர்க்கை எண்ணுக்குப் பக்கத்திலேயே எத்தனை பிரிவுகள், எந்த நேரத்தில் வைக்கப்பட்டன என்பதையும் போடச் சொல்வோம். ஒற்றை வகுப்பைப் பார்க்காமல் படிப்பு முழுவதற்கும் சராசரி எடுக்கச் சொல்வோம். இந்தக் கதவு மூடினால் வேறு கதவே இல்லாதவர்கள் யார் என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்வோம். நிர்வாகச் செலவையும் அதே மேசையில் வைக்கச் சொல்வோம்.

அதே கல்லூரியில் பிலிப்பைன்ஸ் ஆய்வுத் துறை 1970இலும் ஒருபால் ஈர்ப்பினர் பற்றிய ஆய்வுத் துறை 1989இலும் தொடங்கின. சந்தைத் தேவை என்று எவரும் பட்டியல் போட்டுத் தந்தவை அல்ல அவை. பாடப்புத்தகத்தில் தங்கள் முகமே இல்லாதவர்கள் கேட்டு வாங்கியவை. கேட்கும் ஆள் இருந்தும் எண்ணும் பத்தி இல்லாத காலம் அது. இன்று பத்திகள் நிறைய இருக்கின்றன. ஆகவே "ஆள் வரலை" என்று அடுத்த முறை யாராவது சொன்னால் நாம் பதிலுக்கு ஒன்று கேட்கலாம்: "கதவை எந்த நேரத்துல திறந்து வச்சிருந்தீங்க?"