காட்ஸில்லா: கூண்டில் ஏற்றப்படாத சாட்சி

1954 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியான ‘கோஜிரா’ திரைப்படத்தில் ஒரு நாடாளுமன்றக் காட்சி உண்டு. கடலிலிருந்து எழுந்துள்ள பேருருவ விலங்குக்கும் ஹைட்ரஜன் குண்டுச் சோதனைக்கும் தொடர்பிருப்பதாகத் தொல்லுயிரியல் அறிஞர் யமானே அவையில் தெரிவிக்கிறார். உடனே ஓர் உறுப்பினர் எழுந்து, இவ்வுண்மை வெளியானால் அயலுறவு பாதிக்கப்படும், மக்கள் பீதியடைவர், ஆகவே மறைத்துவிட வேண்டும் என்கிறார். பெண் உறுப்பினர்கள் கொதித்தெழுந்து, உண்மையை வெளியிட்டே தீர வேண்டும் என்கின்றனர். அவையில் அமளி மூள்கிறது.

காட்ஸில்லா படங்களைக் கட்டடங்கள் நொறுங்கும் கேளிக்கையாக மட்டும் அறிந்தவர்கள் இக்காட்சியை நினைவில் வைத்திருப்பதில்லை. ஒரு வழக்கறிஞராக எனக்கு இதுவே படத்தின் மையமாகத் தோன்றுகிறது. குற்றம் யாருடையது என்பது அவையில் இருப்போருக்குத் தெரியும். அதை உரக்கச் சொல்லலாமா என்பதே அங்கு விவாதம்.

இவ்விவாதம் கற்பனையில் பிறந்ததன்று. அதே ஆண்டு மார்ச் 1 அன்று, மார்ஷல் தீவுகளின் பிக்கினி பவளத்தீவில் ‘காசில் பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டை அமெரிக்கா வெடித்தது. அதன் ஆற்றல் 15 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப் போல் ஏறத்தாழ 1,000 மடங்கு. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ‘டைகோ ஃபுகுர்யு மாரு’ என்ற ஜப்பானியப் படகின் மீது வெண்ணிறச் சாம்பல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சு நோயுடன் யாய்சு துறைமுகம் திரும்பினர். வானொலிப் பணியாளர் குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23 அன்று உயிரிழந்தார். ஆறு வாரங்களில் ‘கோஜிரா’ திரைக்கு வந்தது. கடலில் கண்கூசும் ஒளி பாய்ந்து ஒரு கப்பல் எரிந்து மூழ்குவதில்தான் அப்படம் தொடங்குகிறது. அந்த ஒளி எதைக் குறிக்கிறது என்று ஜப்பானியப் பார்வையாளருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சட்டம் என்ன செய்தது? 1955 ஜனவரியில் அமெரிக்கா ஜப்பானுக்கு 20 லட்சம் டாலர் வழங்க ஒப்புக்கொண்டது. சட்டப் பொறுப்பு என்ற கேள்விக்குள் புகாமல், கருணைத் தொகையாக. இச்சொல்லின் எடையை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இழப்பீடு என்பது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சொல். கருணைத் தொகை என்பதோ குற்றத்தை மறுத்துக்கொண்டே கொடுப்பது. பெற்றவன் அதன்பின் வாய் திறக்கக் கூடாது என்பது அதன் எழுதப்படாத நிபந்தனை.

சட்டம் பெயரிட மறுத்த குற்றத்துக்குத் திரைப்படம் ஓர் உடலைக் கொடுத்தது. இயக்குநர் ஹோண்டா இஷிரோ போரிலிருந்து திரும்பியபோது அழிந்த ஹிரோஷிமாவைக் கண்டவர். கோஜிராவின் கரடுமுரடான தோல், அணுகுண்டில் பிழைத்தோரின் உடலில் தடித்துப்போன தீத்தழும்புகளை நினைவூட்டுகிறது. அவ்விலங்கு குண்டின் உருவம் மட்டுமன்று; குண்டால் சிதைக்கப்பட்டு, உறைவிடத்திலிருந்து விரட்டப்பட்ட உயிரும் அதுவே. டோக்கியோவை எரிக்கும் அதை அஞ்சிய ரசிகர்கள், இறுதியில் அது கடலடியில் மடியும்போது துயருற்றதன் காரணம் இந்த இரட்டைத் தன்மையே.

அக்காலத்தின் மௌனத்தோடு சேர்த்தே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1952 இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடியும் முன்பு, அணுகுண்டின் கொடுமைகளைப் பற்றிய எழுத்துகள் தணிக்கைக்கு உள்ளாயின. ‘ஹிபாகுஷா’ எனப்பட்ட பிழைத்தோரும் அவர்களின் பிள்ளைகளும் திருமணத்திலும் வேலையிலும் ஒதுக்கப்பட்டனர். பலர் தம் ஊரையும் கடந்தகாலத்தையும் மறைத்தே வாழ்ந்தனர். பாதிக்கப்பட்ட உடலையே ‘தீட்டு’ எனக் கருதும் சமூகத்தில், அதே தழும்புகளோடு 50 மீட்டர் உயரத்தில் ஒன்று தலைநகரின் நடுவே நிமிர்ந்து நிற்பதன் பொருள் என்ன? மறைக்கச் சொல்லப்பட்டதை இனி எவராலும் காணாதிருக்க இயலாது என்பதே.

ஆனால் குறியீடுகளும் கொள்ளை போகும். 1956 இல் படம் அமெரிக்காவுக்குச் சென்றபோது, ரேமண்ட் பர் என்ற நடிகர் ஏற்ற அமெரிக்கச் செய்தியாளர் பாத்திரம் புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஜப்பானியரின் துயரை அவரே உலகுக்கு விவரித்தார். நாகசாகியிலிருந்து தப்பி வந்ததாக ஒரு பெண் ரயிலில் பேசும் காட்சி நீக்கப்பட்டது. விலங்கு எஞ்சியது, குற்றவாளியைச் சுட்டிய விரல் வெட்டப்பட்டது.

எனினும் குறியீடு அங்கேயே மாண்டுவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் காயத்தை அதில் எழுதிப் பார்த்தது. தொழிற்சாலைக் கழிவுகளால் மினமாட்டாவிலும் யோக்காய்ச்சியிலும் மக்கள் நோயுற்ற காலத்தின் படமான ‘கோஜிரா எதிர் ஹெடோரா’ (1971) சாக்கடைக் கசடிலிருந்து எழும் அரக்கனைக் காட்டியது. 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் வந்த ‘ஷின் கோஜிரா’ (2016), பேரழிவு நெருங்கும்போது அதிகாரிகள் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போடுவதைக் காட்டியது. அதன் முடிவில் விலங்கு சாகவில்லை, டோக்கியோவின் நடுவே உறைந்து நிற்கிறது, அகற்ற முடியாத அணு உலையைப் போல. ‘கோஜிரா மைனஸ் ஒன்’ (2023), தன் வீரர்களின் உயிரை மலிவாக எண்ணிய அரசைக் கேள்வி கேட்டது.

ஒரு கேள்வி எஞ்சுகிறது. இந்தக் குறியீட்டுக்குள் யார் இல்லை? ‘காசில் பிராவோ’வின் சாம்பல் ஜப்பானியப் படகின் மீது மட்டும் விழவில்லை. மார்ஷல் தீவுகளின் ரொங்கெலாப் மக்கள் மீதும் விழுந்தது. அவர்களை வெளியேற்ற இரண்டு நாட்களுக்கு மேலாயிற்று. 1957 இல் அதே மண்ணுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நோய்களும் கருச்சிதைவுகளும் தொடர, 1985 இல் தாங்களே தீவை விட்டு வெளியேறினர். உலகப் புகழ்பெற்ற அரக்கன் அவர்களின் கடலில் பிறந்தான். அவனது கதையில் அவர்களுக்குப் பெயரில்லை. ஒடுக்கப்பட்டோரின் துயருக்குள்ளும் படிநிலை இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

எனவே, குறியீடு நீதிக்கு மாற்றாகுமா? ஆகாது. 1963 டிசம்பர் 7 அன்று ‘ஷிமோடா’ வழக்கில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், ஹிரோஷிமா, நாகசாகி மீதான தாக்குதல்கள் பன்னாட்டுச் சட்டத்துக்கு முரணானவை என்றது. ஆனால் வழக்குத் தொடுத்தவர்களுக்கு இழப்பீடு கோரும் உரிமை இல்லை எனக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. குற்றம் உண்டு, பரிகாரம் இல்லை. 1957 இன் ஹிபாகுஷா மருத்துவச் சட்டமும் பிக்கினி மீனவர்களைத் தன் வரையறைக்குள் கொண்டுவரவில்லை.

குறியீடு செய்யக்கூடியது வேறொன்று: வழக்கை முடித்துவைக்க விடாமல் தடுப்பது. கருணைத் தொகை கொடுத்து மூடப்பட்ட கோப்பை, கால்வைக்கும் போதெல்லாம் அந்த விலங்கு மீண்டும் திறக்கிறது. அந்தக் கோப்பில் ரொங்கெலாப் மக்களின் பெயரையும் எழுதுவது விலங்கின் வேலையன்று. அது நம்மைப் போன்றோரின் வேலை.