செம்பாறையும் நீல இழையும்

பெர்த் நகரில் வாழும் எங்கள் தங்கையின் குடும்பத்தார், “கடற்கரையைக் கண்டது போதும், இந்நாட்டின் உட்பகுதியையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்லுங்கள்” என்று வற்புறுத்தி வந்தனர். அதற்கிணங்கி, ஓர் ஆகஸ்ட் திங்களில் நாங்கள் ஐவர் ஒரே வண்டியில் புறப்பட்டோம். கரிஜினி தேசியப் பூங்கா பெர்த்துக்கு வடக்கே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இரண்டு நாட்கள் பயணம் செய்தோம். முதலில் கோதுமை வயல்கள் மறைந்தன. பின்னர் ஊர்களே அருகிப்போயின. இறுதியில் செம்மண்ணும், ஸ்பினிஃபெக்ஸ் எனும் முட்புல்லும், வெண்ணிற அடிமரம் கொண்ட யூக்கலிப்டஸ் மரங்களும் மட்டுமே எஞ்சின. குடிநீரும் எரிபொருளும் இருக்கின்றனவா என்று மணிக்கொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டிய நாடு அது.

பாலையின் நடுவே

பில்பரா என்னும் அவ்வறண்ட வட்டாரத்தில், ஹேமர்ஸ்லி மலைத்தொடரின்மீது 6 இலட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான நிலப்பரப்பில் இப்பூங்கா விரிந்து கிடக்கிறது. 1969இல் தேசியப் பூங்காவான இதற்கு, 1991இல் அம்மண்ணின் மக்கள் வழங்கும் கரிஜினி என்ற பெயர் சூட்டப்பட்டது. பன்ஜிமா, குர்ராமா, இன்னாவொங்கா ஆகிய பழங்குடியினரின் தாயகம் இது. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். நாங்கள் சென்றது அந்நாட்டின் குளிர்காலம். பகலில் இதமான வெயிலும், இரவில் பற்கள் கிட்டும் குளிரும் இருந்தன.

மேலிருந்து நோக்கினால் சமவெளியே தெரிகிறது. “எங்கே அந்தப் பள்ளத்தாக்குகள்?” என்று கேட்டுக்கொண்டே நடந்த நாங்கள், திடீரென நின்றோம். காலடியில் பூமி பிளந்து கிடந்தது! டேல்ஸ் பிளவு எனப்படும் அது, சில இடங்களில் 100 மீட்டர் வரை ஆழமுடையது. இரும்புப் படிகளில் இறங்கினோம். சுற்றிலும் செந்நிறப் பாறைச் சுவர்கள், பழைய ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல வரிவரியாக நின்றன.

அப்பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்பர் அறிஞர். அக்காலத்தில் அவ்விடம் கடலாக இருந்தது. கடல்நீரில் இரும்பு மிகுதியாகக் கரைந்திருந்தது. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கதிரவன் ஒளியைக் கொண்டு உயிர்வளியை வெளியிட்டன. அவ்வளியோடு கூடிய இரும்பு துருவாகிக் கடலடியில் படிந்தது. இரும்பும் சிலிக்காவும் மாறி மாறிப் படிந்து, இறுகிக் கல்லாயின. பின்னர் நிலம் உயர்ந்தது. ஆறுகள் அக்கல்லை நெடுங்காலம் அறுத்து இப்பிளவுகளை உண்டாக்கின. நாம் மூச்சு விடும் காற்றின் பழைய வரலாறு அச்சுவர்களில் எழுதப்பட்டிருக்கிறது எனலாம்.

பிளவின் அடியில் ஃபோர்டெஸ்கியூ அருவி ஊற்றுநீரால் ஆண்டு முழுவதும் வற்றாது விழுகிறது. அதனின்று சற்றே நடந்தால் ஃபெர்ன் குளம். அத்தி மரங்களின் நிழலும், பெரணிகளின் பசுமையும், கிளைகளில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களும், பாலையில் நிற்கிறோம் என்பதையே மறக்கச் செய்தன. பழங்குடியினர்க்கு அது புனித நீர். குதிக்காமல், கூச்சலிடாமல், அமைதியாக இறங்குமாறு வருவோரை வேண்டுகின்றனர். எங்களுடன் வந்த சிறுவர்களும், ஒருவரும் அதட்டாமலே, கோவிலுள் நுழைவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டனர்.

வரைபடத்திலிருந்து மறைந்த ஊர்

ஆயினும், அவ்வழகிய பாறையினுள்ளேயே இன்னொன்றும் உறைந்திருக்கிறது. இரும்பு வரிகளுக்கு இடையே, நூல் நூலாகப் பிரியும் நீலநிறக் கல்நார் ஓடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் வகைகளுள் மிகக் கொடியது அது. பூங்காவின் வட எல்லைக்கருகில் விட்டெனூம் என்றோர் ஊர் இருந்தது. அக்கல்நாரைத் தோண்டி எடுக்கவே 1940களில் அவ்வூர் எழுந்தது. போருக்குப்பின், இத்தாலி முதலிய ஐரோப்பிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. சுரங்கத்திலும் ஆலையிலும் தூசி மண்டிக் கிடந்தது. ஆலைக் கழிவைச் சாலைகளிலும், வீட்டு முற்றங்களிலும், பள்ளி விளையாட்டுத் திடலிலும் கொட்டிப் பரப்பினர். குழந்தைகள் அந்த நீலத் தூசியில் வீடு கட்டி விளையாடினர். தாய்மார் தூசி படிந்த உடைகளை உதறித் துவைத்தனர்.

எச்சரிப்பார் இல்லாமற் போகவில்லை. 1948இலேயே எரிக் செயின்ட் என்ற அரசு மருத்துவர் அவ்வூரைக் கண்டு திகைத்து, பெருங்கேடு விளையும் என்று மேலிடத்திற்கு எழுதினார். அக்குரல் கேட்கப்படவில்லை. சுரங்கம் 1966இல் மூடப்பட்டது. அதுவும் மக்களின் நலம் கருதியன்று, இலாபம் குன்றியதால்தான்! நெஞ்சில் தங்கிய இழைகளோ இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்பட்டன. அங்கு உழைத்தோரும் வாழ்ந்தோருமாக 2,000 பேருக்கும் மேல் மாண்டனர் எனக் கணக்கிடுகின்றனர். அந்நிலத்தின் பழங்குடியினரும் இதற்குத் தப்பவில்லை.

2007இல் விட்டெனூம் ஊர் என்ற தகுதியையே இழந்தது. 2022இல் கடைசியாகத் தங்கியிருந்தவரும் வெளியேற்றப்பட்டார். 2023இல் எஞ்சிய கட்டடங்களும் இடித்துத் தள்ளப்பட்டன. ஏறத்தாழ 30 இலட்சம் டன் கழிவு இன்றும் அப்பிளவில் குவிந்து கிடக்கிறது. அவ்வட்டாரத்துள் நுழைய வேண்டாம் என்ற அரசின் எச்சரிக்கையை மதித்து, நாங்கள் அப்பக்கம் செல்லவில்லை.

250 கோடி ஆண்டுகள் பாறைக்குள் ஒருவர்க்கும் தீங்கின்றி உறங்கிய இழை, ஏறக்குறைய கால் நூற்றாண்டுத் தோண்டலில் ஓர் ஊரையே உண்டுவிட்டது. குற்றம் கல்லினுடையதா?

நம் வீட்டுக் கூரை

அன்பு வாசகர்களே, இது எங்கோ நடந்த கதையென்று ஏட்டை மூடிவிட வேண்டாம். ஆஸ்திரேலியா 2003ஆம் ஆண்டின் இறுதியோடு எல்லா வகைக் கல்நாரையும் தடை செய்துவிட்டது. நம் நாட்டிலோ வெண்கல்நார் கலந்த சிமெண்ட் தகடுகள் இன்றும் விற்பனையாகின்றன. நம்மில் எத்தனையோ பேரின் சமையற்கட்டுக்கும், மாட்டுக் கொட்டிலுக்கும் அதுவே கூரை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது.

அதற்காக இன்றே அஞ்சிக் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. உடையாத தகட்டை உடையாமல் விட்டுவிடுவதே முதற் காப்பு. அதனை அறுப்பதும், துளையிடுவதும், தேய்த்துக் கழுவுவதும் தூசியைக் கிளப்பும். தவிர்க்க இயலாதபோது நன்றாக நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் காத்து, குழந்தைகளைத் தொலைவில் நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகளைப் பொடியாக்கி முற்றத்து மேட்டுக்கு நிரப்புதல் அறவே கூடாது. விட்டெனூம் மக்கள் செய்ததும் அதுவேயன்றோ? புது வீடு கட்டுவோர், சற்றுச் செலவு கூடினும் ஓட்டையோ வேறு கூரையையோ நாடுவது நன்று.

திரும்பும் நாளன்று விடியுமுன் மீண்டும் ஒருமுறை ஃபெர்ன் குளத்திற்குச் சென்றோம். கதிரொளி படப்பட, செஞ்சுவர்கள் மெல்லத் தணல்போல ஒளிர்ந்தன. குரலைத் தாழ்த்தி இறங்கத் தெரிந்த மக்களிடம் அந்நிலம் பல்லாயிரம் ஆண்டுகள் பத்திரமாக இருந்தது. படைப்பைக் கையிலெடுக்கும் முன் சற்றே நின்று கேட்கும் அவ்வடக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுப்போம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டே படியேறினோம்.